என் பேரைச் சொல்லு

இப்போதெல்லாம் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் மாத்திரைப் பெயர்களைத்தான் பேசிக்கொள்கிறோம். சர்க்கரைக்கு எது, முழங்காலுக்கு எது என்று. அந்தப் பேச்சில் யாராவது ஒருவர் கட்டாயம் அந்தக் காலத்துச் சிவப்பு மிக்சரை இழுத்துவிடுவார். பாட்டிலின் பக்கவாட்டில் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார்களே, ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. நீங்கள் எல்லோரும் அந்த மிக்சரைக் குடித்தவர்கள். நான் அந்தக் காகிதத்தை வெட்டியவள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில்தான் அம்மாவும் நானும் இருந்தோம். குடவாசலுக்கும் நன்னிலத்துக்கும் நடுவில், ஆற்றங்கரையை ஒட்டிய ஊர். ஒரு ரைஸ் மில், ஓர் உயர்நிலைப்பள்ளி, ஒரு போலீஸ் ஸ்டேஷன், சனிக்கிழமைச் சந்தை. பெரிய மனிதர்கள் என்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்த பண்ணையார், மில் முதலாளி, வக்கீல், பஞ்சாயத்து பிரசிடெண்டு, கோயில் தர்மகர்த்தா, பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர். எல்லோர் பெயருக்கும் பின்னால் ஒரே பட்டம். ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர் முதல் மாதம் முழுக்கத் தவித்துப் போனாராம். மில்லா, பண்ணையா, கோர்ட்டா என்று கேட்டுக் கேட்டுத்தான் கடிதம் கொடுப்பார்.

அந்தப் பட்டத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதே பட்டத்தோடு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா மில் முதலாளியின் தங்கை. மதராஸில் படித்தவர். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் கணவரை இழந்துவிட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பியவர். அண்ணன் தன் மில்லை ஒட்டியிருந்த தவிட்டுக் கிடங்கை இடித்து அவருக்கு ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தார். இரண்டுக்கும் ஒரே சுவர். மில் ஓடும்போது அலமாரியில் மருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கும். டெட்டால் நெடியும் புழுங்கல் நெல்லின் ஆவியும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது நெல் அவிக்கும் இடத்தைக் கடந்தால் எனக்கு ஊசி போடப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். வெளுத்துக் காயப்போட்ட கட்டுத் துணிகளில் மில் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் வந்து உட்காரும். அம்மா திட்டிக்கொண்டே மறுபடி அலசுவாள்.

பெண்களின் பெயருக்குப் பின்னால் பட்டம் போடும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. ஆனால் டாக்டரம்மா வாசல் பலகையில் தன் அப்பாவின் பெயரை முன்னால் போட்டு, அதோடு பட்டத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. நோயாளிகள் உட்காரும் கூடத்தில் சுவரைச் சுற்றிப் படங்கள். பர்மாவுக்குப் போய்ச் சம்பாதித்து வந்து சத்திரம் கட்டியவர் ஒருவர். வெள்ளைக்காரக் கலெக்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் ஒருவர். ஊரின் முதல் பி.ஏ. ஒருவர். ஊசிக்குப் பயந்து குழந்தைகள் அழுதால், "அந்தா மேல இருக்காரே, அந்தத் தாத்தா யாருன்னு சொல்லு பாப்போம்" என்பார். குழந்தை நிமிர்ந்து பார்க்கும். அதற்குள் ஊசி இறங்கிவிடும்.

எனக்கு அத்தனை தாத்தாக்களும் மனப்பாடம். ஒருநாள் என் மாமாவிடம் வரிசையாக ஒப்பித்துக் காட்டினேன். அவர் வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் படங்களைப் பார்த்துவிட்டு, "இதுல ஒருத்தராச்சும் சிரிக்கிறாரா பாரு பாப்பா" என்றார். நான் உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்றேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. பண்ணையாரிடம் பண்ணையாள். எங்கள் தெரு ஊருக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நாங்கள் யார், என்ன சாதி என்று நான் விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றாலே நம் தலைமுறைக்குப் புரியும். என் அப்பா வரப்பில் பாம்பு கடித்து இறந்தவர். அவரைத் தூக்கி வந்தபோது டாக்டரம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கைப்பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "இங்கயே இரு. எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். அப்படித்தான் அம்மா ஆயா ஆனாள். ஊசியைக் கொதிக்க வைப்பதிலிருந்து பிரசவத்தில் பிள்ளையை ஏந்துவது வரைக்கும் கற்றுக்கொண்டாள். எங்கள் சாதிப் பெண் ஒருத்தி அந்தக் கூடத்தில் நடமாடியது ஊருக்குப் பெரிய விஷயம். டாக்டரம்மா, "நான் அதெல்லாம் பாக்குறதில்ல" என்பார். உண்மையில் அவர் பார்க்கவும் இல்லை. ஆனால் மில் வீட்டுப் பெண்கள் வரும் நேரத்தில் அம்மா யாரும் சொல்லாமலே பின்கட்டுக்கு வந்துவிடுவாள். அதையும் டாக்டரம்மா பார்த்ததில்லை.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஓலைக் கொட்டானில் நத்தையோ வயல் நண்டோ இருக்கும். பென்சிலின் பாட்டிலின் ரப்பர் மூடிகளைச் சேர்த்து வைத்திருந்து, ஈர்க்குச்சியை அச்சாகச் செருகி எனக்கு ஒரு வண்டி செய்து கொடுத்தார். இழுத்தால் சத்தமே போடாமல் ஓடும். அது எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை.

அந்த வருஷம் குறுவை நன்றாக விளைந்திருந்தது. ஆட்சி மாறியிருந்த சமயம். ஊரெல்லாம் புதுக் கொடி. வக்கீல் டாக்டரம்மாவுக்குச் சித்தப்பா மகன், அதாவது பண்ணையாரின் மகன். கடைவீதி மேடையில் நின்று, "இன்று முதல் என் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை" என்று அறிவித்து, கைதட்டல் வாங்கி, கட்சியின் கிளைச் செயலாளர் ஆகியிருந்தார். டாக்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தம்பி பெரிய ஆளாவதில் சந்தோஷம்தான்.

எங்கள் தெருவில் பறந்தது வேறு கொடி. சங்கத்தின் சிவப்புக் கொடி. அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். அவ்வளவுதான். அந்த அரைப்படிக்காக அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். பண்ணையார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். அவர்கள் மில் கிடங்கில்தான் தங்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் உலை வைப்பதும் பிள்ளைகள் அழுவதும் எங்களுக்குக் கேட்கும். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வருவார்கள். "இதுங்க மட்டும் என்ன, வயித்துக்கில்லாமதான் வந்து கெடக்குதுங்க" என்று அம்மா அவர்களுக்கும் கஞ்சி ஊற்றுவாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கதிர் சாய்ந்துவிட்டது. எந்த நேரமும் மழை பிடித்துக்கொள்ளும். டாக்டரம்மா ஒரு மத்தியானம் பண்ணை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். முகத்தில் வெளிச்சம்.

மாமா வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டு, "சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். யோசிக்கிறேன்னாரு. அவரு யோசிக்கிறேன்னா சரின்னு அர்த்தம். நீங்க கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார்.

மாமா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "அவரு பேசுனது அவங்க வீட்டுப் பொண்ணுகிட்டங்கம்மா. எங்ககிட்ட இன்னும் பேசலீங்களே."

"நான் சொன்னா கேப்பாரு. எங்க குடும்பத்துல பேச்சு மாற மாட்டாங்க. வக்கீல் வேற இருக்கான், ஆட்சியே அவங்களோடது. ஒண்ணும் ஆவாது."

"சரிங்கம்மா."

பின்கட்டுக்கு வந்ததும் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். "அந்தம்மா அவ்ளோ சொல்லுதுல்ல. நாலு நாளு சும்மா இரேன்டா."

"நாலு நாள்ல வெளியூரான் அறுத்து முடிச்சிருவான்க்கா. அப்பறம் நான் எதுக்குச் சும்மா இருக்கணும்?"

மறுநாள் காலையில் வயலில் மோதல் வந்தது. எங்கள் தெரு ஆண்களும் பெண்களும் வரப்பில் வரிசையாக நின்று மறித்தார்கள். பண்ணையாரின் ஆட்கள் கம்பும் அரிவாளுமாக வந்தார்கள். உச்சிவேளைக்கு முன் ஒரு மாட்டுவண்டி ஆஸ்பத்திரிப் பின்பக்கம் வந்து நின்றது. வைக்கோலை விலக்கினால் மாமா. தொடையில் அரிவாள் வெட்டு. கட்டியிருந்த துண்டு கறுத்துப் போயிருந்தது. கூடச் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர்.

டாக்டரம்மா உடனே தைக்க ஆரம்பித்தார். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதவிடுக்கிலிருந்து பார்த்தேன். மாமாவின் பாதங்களில் சேறு காய்ந்து வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது.

தைத்து முடித்த பிறகும் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "இங்க முடியாது. ரத்தம் ஏத்தணும். கும்பகோணம் பெரியாஸ்பத்திரிக்குப் போயாகணும்" என்றார் டாக்டரம்மா.

சங்கத்துக்காரர்களில் மூத்தவர், "ஓடத்துல வச்சு அக்கரைக்குக் கொண்டு போயிர்றோங்கம்மா. அங்க நம்ம ஆளுங்க இருக்காங்க. அங்கேருந்து எப்புடியாச்சும் பஸ்சுல ஏத்திருவோம்" என்றார்.

"பஸ்சுக்குக் காத்துக் கெடந்தா இவன் தாங்க மாட்டான். கார்லதான் போவணும்."

"காரு யாருகிட்ட இருக்கு இங்க?"

"எங்கண்ணன்கிட்ட இருக்கு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் தயங்கித் தயங்கி, "அம்மா, அது பண்ணையாருக்கு அண்ணன் மவன் காருங்களே" என்றார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு அண்ணன். எங்கப்பாவுக்கு மகன். அவர் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

மில்லுக்கு ஆள் போயிற்று. மில் முதலாளியே வந்தார். வெள்ளை வேட்டி, சந்தன மணம், மெதுவான பேச்சு. எங்களுக்கெல்லாம் அவரைப் பிடிக்கும். தீபாவளிக்கு எனக்குப் பாவாடைத் துணி எடுத்துக் கொடுப்பவர். கட்டிலில் கிடந்த மாமாவை ஒரு பார்வை பார்த்தார்.

"சித்தப்பா பண்ணையாளா?"

"யாரா இருந்தா என்னண்ணே. உசுரு."

"சரிம்மா. நீ கேட்டு நான் எதை இல்லேன்னிருக்கேன்?"

வெளியே போய் டிரைவரை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுக் குனிந்து ஏதோ சொன்னார். வழி சொல்கிறார் என்று நினைத்தோம்.

மாமாவைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். நீளமான ஆள். கால் உள்ளே அடங்கவில்லை. மடக்கி வைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் ஏற வந்தபோது டாக்டரம்மாதான் தடுத்தார். "உங்களப் பாத்தாத்தான் மறிப்பாங்க. நீங்க ஓடத்துலயே போங்க. அங்க போயிச் சேந்துக்குங்க." அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டரம்மாவே கூடப் போவதாக இருந்தார். அந்த நேரம் பார்த்துத் தலை பிளந்த இரண்டு பெண்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி எங்கள் தெரு, ஒருத்தி வெளியூர்க்காரி. கூடம் முழுக்க அழுகை.

அம்மா காரில் ஒரு காலை வைத்துவிட்டாள். டாக்டரம்மா வாசல்படியிலிருந்து கூப்பிட்டார். "நீ எங்க போற? உன்னை விட்டா இங்க யாரு எனக்கு? நம்ம காரு, நம்ம டிரைவர். நீ போய் என்ன பண்ணப் போற?"

அம்மா காலை இறக்கினாள்.

டாக்டரம்மா வேகமாக வந்து காருக்குள் தலையை நீட்டினார். "இந்தா பாரு. வழியில யாரு மறிச்சாலும் என் பேரைச் சொல்லு. இன்னாரோட மகள் அனுப்பிச்சாங்கன்னு முழுப் பேரையும் சொல்லு. ஒருத்தன் தொட மாட்டான்."

மாமாவின் உதடு வெளுத்திருந்தது. "சரிங்கம்மா" என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "அக்கா, என் வெத்தலப் பை வண்டியில கெடக்கு. வைக்கலோட போட்டுறப் போறாங்க" என்றார். நான்தான் ஓடிப்போய் அந்தப் பையை எடுத்து வந்தேன். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

இரண்டு மணி நேரத்துக்குள், சாயங்காலம் மில் சங்கு ஊதுவதற்கு முன்பே, கார் திரும்பிவிட்டது. டிரைவர் நெல் ஊற வைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, பின்சீட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா வேலிப்படலைத் தாண்டிப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"சேத்தாச்சா?"

"சேத்தாச்சு. வழியில வாந்தி எடுத்துட்டாரு. அதான் கழுவுறேன்." அவர் நிமிரவே இல்லை.

"கும்மோணம் போயி இம்மாம் வெரசாவா திரும்பிட்டே?"

அவர் மறுபடியும் வாளியை எடுத்து ஊற்றினார். அம்மா ஓடிவந்து டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் இன்னும் தையல் போட்டுக்கொண்டிருந்தார். "காருல போனா அவ்வளவு நேரந்தான் ஆகும். பயப்படாத" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதை நான் இப்போது நன்றாகவே அறிவேன். அவர் மனதில் அப்படி ஒரு நினைப்பே வரவில்லை. அவ்வளவு படித்தவர், ஒரு நாடியைப் பிடித்துப் பார்த்து மூன்று தலைமுறை நோயைச் சொல்லக்கூடியவர், தன் வீட்டு மனிதர்களின் முகத்தை மட்டும் கூடத்துப் படங்களைப் பார்ப்பது போலவே பார்த்து வைத்திருந்தார்.

மறுநாள் சங்கத்துக்காரர்கள் கும்பகோணத்திலிருந்து திரும்பினார்கள். அங்கே அப்படி யாரையும் சேர்க்கவில்லை. ராத்திரி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். டாக்டரம்மா செருப்பைக்கூட மாட்டாமல் மில்லுக்கு நடந்தார். அம்மா பின்னாலேயே போனாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். டிரைவர் சொந்த ஊருக்குப் போய்விட்டாராம். மில் முதலாளி கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். எங்களைப் போகச் சொல்லவில்லை. எங்களை அவர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்று நினைக்கிறேன்.

"ஆத்தங்கரை ரோட்டுல மறிச்சுட்டாங்களாம். நம்ம டிரைவர் ஒருத்தன், என்ன பண்ணுவான்?"

"குடவாசல் ரோடு இருக்கையில ஆத்தங்கரையில ஏன் போனான்?"

அவர் மேசையில் சிந்தியிருந்த நெல்மணிகளை விரலால் ஒன்று சேர்த்தார்.

"அண்ணே. மரத்தடியில அவன்கிட்ட என்ன சொன்ன?"

"ஒரு பண்ணையாளுக்காகச் சித்தப்பாவ எதுத்துக்கச் சொல்றியா? நாளைக்கு மில்லுக்கு நெல்லு எங்கேருந்து வரும்? நீ போ. போயி ஆஸ்பத்திரியப் பாரு."

டாக்டரம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "என் பேரைச் சொன்னானா அவன்?"

"சொன்னானாம்."

"அப்பறம்?"

"சிரிச்சாங்களாம்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவள் தொண்டையிலிருந்து வந்தது அழுகையைப் போல இல்லை.

மாமா அதற்கடுத்த நாள் கிடைத்தார். கீழ்மதகில் ஆகாயத்தாமரையோடு ஒதுங்கியிருந்தார். ஆறு முழுக்கத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த காலம். குடித்துவிட்டு ஆற்றில் விழுந்தவர் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். டாக்டரம்மா மதகுக்கு வந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்து வேட்டியை விலக்கிப் பார்த்தார். தொடையில் அவர் போட்ட தையல் பிரியாமல் இருந்தது.

அவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். பண்ணையார், மில் முதலாளி, வக்கீல். அம்மாவும் நானும் பின்கட்டில் இருந்தோம். சுவர் மெல்லியது.

வக்கீல்தான் பேசினார். "அக்கா, நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். அவன் இங்க வரல்லன்னு மட்டும் சொன்னாப் போதும். இல்லேன்னா எதிர்க்கட்சிக்காரன் இத வச்சு அரசியல் பண்ணுவான். இப்பத்தான் நம்ம ஆட்சியே வந்திருக்கு."

"பேருக்குப் பின்னால எதுவும் இல்லேன்னு மேடையில சொன்னது நீதானே?"

"அது வேற, இது வேற."

பண்ணையார் முதல்முறையாக வாயைத் திறந்தார். "ஏம்மா, உங்கப்பா பேரைக் கோர்ட்டுல கொண்டு போயி நிறுத்தப் போறியா?"

பிறகு டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "தையல் நான் போட்டது சித்தப்பா. என் கை தையல். அதை எப்படி நான் இல்லேன்னு சொல்லுவேன்?"

சங்கத்துக்காரர்கள் விடாமல் நின்று கொலை வழக்குப் போட வைத்தார்கள். டாக்டரம்மா சாட்சி சொன்னார். தைத்ததையும், அண்ணன் காரில் ஏற்றியதையும், மில் ஆபீஸில் அண்ணன் வாயால் கேட்டதையும் கோர்ட்டில் நின்று சொன்னார். அம்மாவும் சொன்னாள். டிரைவர் அன்றைக்குக் காரையே எடுக்கவில்லை என்றார். எதிர்த்தரப்புக்காக வந்த வேறொரு வக்கீல் டாக்டரம்மாவிடம் கேட்டது முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, அதைத் தன் பெயருக்கு மாற்றிக் கேட்டாரா, அண்ணன் மறுத்தாரா என்பதைப் பற்றித்தான். சொத்துத் தகராறு என்று ஆயிற்று. எல்லோரும் விடுதலை. தீர்ப்பு வந்த வாரமே ஆஸ்பத்திரி வாசலில் பூட்டுத் தொங்கியது. உள்ளேயிருந்த படங்களையும் மருந்து அலமாரியையும் மில் ஆட்கள் தூக்கிப் போனார்கள்.

டாக்டரம்மா கைப்பெட்டியோடு தெருவில் நின்றார். அம்மா எங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைவீதியில ஒரு ரூம்பு பாத்திருக்கேன். நீயும் வா" என்றார் டாக்டரம்மா. "நீ இல்லாம என்னால முடியாது."

"இல்லீங்கம்மா."

"என்மேல கோவமா?"

அம்மா யோசித்துத்தான் சொன்னாள். "நீங்க நல்லவங்கதாம்மா. அத நம்பித்தான் என் தம்பிய ஏத்திவுட்டேன்."

அதற்கப்புறம் அம்மா அவரோடு பேசவில்லை. நாங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே போய்விட்டோம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். ஊசியைக் கொதிக்க வைத்த கைகள் சேற்றுப்புண்ணில் வெந்து போயின. கூலியில் அரைப்படி பிறகு ஏறியது. பேச்சுவார்த்தை நடந்து, அரசாங்கமே முன்னால் நின்று கொடுக்க வைத்தது. பேச்சுவார்த்தையை நடத்தி வைத்தவர் என்று வக்கீலுக்கு மாலை போட்டார்கள். கூடுதல் நெல்லை முதன்முதலாக மடியில் வாங்கி வந்த அன்று அம்மா அதை முறத்தில் கொட்டி, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

டாக்டரம்மா கடைவீதியில் ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்து அறையில் மேசை போட்டு உட்கார்ந்தார். பெரிய வீட்டுப் பெண்கள் அங்கே போவதில்லை. எங்கள் தெருவுக்கு அவர்தான் டாக்டர். காசு கொடுத்தால் வாங்குவார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். அம்மா மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. எனக்கு விஷக்காய்ச்சல் வந்து பிதற்றியபோதுகூட என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மன்னார்குடிக்கு பஸ் ஏறினாள். யார் போய்ச் சொன்னார்களோ, பஸ் கிளம்பும் முன்பு டாக்டரம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து ஜன்னலோரம் நின்றார். கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு மாத்திரைப் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "போய்ச் சேர்ற வரைக்கும் இது தாங்கும்" என்றார். அம்மா அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பொட்டலத்தைத் தூக்கி எறியவில்லை, பிரித்து எனக்குக் கொடுத்தாள்.

நான் தஞ்சாவூரில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்த பிறகு ஒரு பொங்கல் விடுமுறைக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள், "ஒங்கம்மா டாக்டரம்மா ரூம்புல இருக்கும். தெனம் அங்கதான்."

டாக்டரம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. அவருடைய அண்ணன் வேலைக்கு ஒரு பெண்ணை அனுப்பினாராம், இவர் திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் போனபோது அம்மா அவரைப் புரட்டி முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வகுப்பில் இரண்டு பேராகச் சேர்ந்து செய்வதை அவள் ஒருத்தியே செய்தாள். பீத்துணியை அலசினாள். கஞ்சியை ஆற்றி, "வாயத் தொறங்க" என்றாள். அங்கே அவள் பேசியது அந்த ஒரு பேச்சுத்தான். டாக்டரம்மா கோணிய வாயால் என்னவோ சொல்லப் பார்த்தார். எச்சில்தான் வழிந்தது. அம்மா அதைத் துடைத்துவிட்டு மறுபடியும், "வாயத் தொறங்க" என்றாள்.

திரும்பி வரும்போது கேட்டேன். "மன்னிச்சுட்டியாம்மா?"

"எத?" என்றாள். அதோடு சரி.

அந்தக் கோடையில் டாக்டரம்மா இறந்தார். அவர்கள் எல்லோரும் காரில் வந்து இறங்கினார்கள். மில் முதலாளி சத்தம் போட்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடலைப் பெரிய வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஊரெங்கும் சுவரொட்டி. இந்த வட்டாரத்தின் முதல் பெண் மருத்துவர் என்று போட்டு, அவர் பெயருக்குப் பின்னால், பெண்களுக்கு யாரும் போடாத அந்தப் பட்டத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இரங்கல் கூட்டத்துக்கு வக்கீல் தலைமை. அப்போது அவர் இன்னும் பெரிய பதவியில் இருந்தார்.

அம்மா தொண்ணூறை நெருங்கி, போன வருஷம்தான் போனாள். கடைசி மாதங்களில் என்னோடு இருந்தாள். பழையதைப் பற்றி அவளாகப் பேசியதே இல்லை. ஒருநாள் காலையில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "நான் கார்ல ஏறியிருக்கணும்" என்றாள்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு புரிந்தது.

"ஏறியிருந்தா உன்னையும் சேத்துல்லம்மா கொன்னுருப்பாங்க."

"கொன்னுருப்பாங்க. அவன் தனியா போயிருக்க மாட்டான்." சீப்பு சிக்கில் மாட்டியிருந்தது. நான் இழுக்காமல் நின்றேன். "கால வச்சுட்டேன். அந்தம்மா வேணாம்னுச்சு. எறங்கிட்டேன். அந்தம்மா சொன்னா நான் எதையும் எதுக்குன்னு கேட்டதில்ல. அவங்க வீட்டாளுங்க சொன்னா அந்தம்மாவும் கேட்டதில்ல."

அப்புறம், "வாரு. ஏன் நின்னுட்டே?" என்றாள்.